ஐந்தாம் நம்பர் கண்ணாடி

அந்தப் பட்டறைத் தெருவில் காலை ஒன்பது மணிக்கு எல்லா விளக்கும் ஒரு தடவை கண் சிமிட்டினால், மின்னல் வேலையை ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். டீக்கடை ரேடியோ கொரகொரக்கும். எதிர்ப்பக்கத்து லேத் பட்டறைக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, தெருவுக்கு வர்ற கரண்ட்டை மொத்தமா நீயே குடிச்சிடுவியா?" என்று கத்துவார். "உங்களுக்கும் ஒரு வாய் வெச்சிருக்கேன் அண்ணே, எடுத்துக்குங்க" என்று உள்ளேயிருந்து பதில் பறந்து வரும். யார் என்ன கேட்டாலும் அவளிடம் சுடச்சுடப் பதில் உண்டு. ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு விஷயத்தில்தான் வாய் மக்கர் பண்ணும். அந்த ஆள் அடுத்த பட்டறையில் இருந்தார்.

மின்னல் என்பது தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் நிம்மதியாகத் தூங்குகிறது. பதினெட்டு வயதில் ஒரு கிரில் கம்பெனியில் சிவப்பு பெயிண்ட் அடிக்கச் சேர்ந்தவள் அவள். பெயிண்ட் அடிப்பதை விடப் பற்றவைப்பதில்தான் விளையாட்டு இருக்கிறது என்று மூன்றே மாதத்தில் கண்டுகொண்டாள். சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்க, இவள் குப்பையில் கிடந்த கம்பித் துண்டுகளை எடுத்து ஒட்டிப் பழகினாள். முதல் நாள், உருகி இணைக்க வேண்டிய ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் சடசடவென்று பொறி பறந்தது, அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், இன்னும் தெளியவில்லை. இப்போது வயது முப்பத்தைந்து. சொந்தமாக, கரண்ட்டில் ஓடும் ஒரு ஆர்க் வெல்டிங் மெஷின், ஒரு வாடகைக் கொட்டகை. கேட், கிரில், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று அந்த வட்டாரத்தில் கனமான இரும்பு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால் பெரும்பாலும் இவள் கைவேலை.

அடுத்த பட்டறைக்காரர் கேஸ் வெல்டிங். அவருக்குத் தெரு வைத்த பெயர் நிதானம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை, ஒரு காலை வேளை அவரைப் பார்த்தாலே போதும். இரண்டு சிலிண்டர்களையும் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார். கட்டியது கட்டியபடி இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். சோப்புத் தண்ணீரையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு ஹோஸ் ஒவ்வொன்றின் மூட்டிலும் தடவி, எங்கேயாவது குமிழி கிளம்புகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். மின்னல் வாசலில் நின்று, "குளிப்பாட்டியாச்சா? பவுடர் போட்டு விடுங்க" என்பாள். அவர் சட்டையின் மேல் பட்டனைச் சரிபார்த்துக்கொண்டு, "கேஸ் கசிஞ்சா உங்க வாயும் சேந்துதான் பறக்கும்" என்பார், பதற்றமே இல்லாமல்.

ஆறு வருஷமாக இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் இந்த ஒரே விஷயம்தான். கேஸா, ஆர்க்கா?

"உங்க கேஸ் டார்ச் சூடாகி முடியறதுக்குள்ள நான் ஒரு கேட்டை மாட்டிட்டு வந்து டீ குடிச்சிடுவேன்."

"மெல்லிசுத் தகரத்துல உங்க ராடை வைங்க பாப்போம். ஒட்டறதுக்கு முன்னாடி ஓட்டை விழும்."

"கால் இஞ்சுத் தகட்டை உங்க தீயில ஒட்டுங்க பாப்போம். அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

"கரண்ட் போச்சுன்னா உங்க கடை இருட்டு. நான் எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போவேன். ஒட்டுவேன், வெட்டுவேன், வளைப்பேன்."

"ரெண்டு சிலிண்டரைத் தூக்கிட்டு நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள கரண்ட் வந்துடும்!"

இதற்கு மேல் பேச்சு நகர்ந்ததே இல்லை. ஆனால் மின்னலுக்கு இந்தச் சண்டை இல்லாத நாள் நாளாகவே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு என்றால் சனிக்கிழமை மாலையே முகம் தொங்கிவிடும். அவளுக்கு என்ன வியாதி என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அவளுக்குப் புரியவே நான்கு வருஷம் ஆயிற்று.

புரிந்தும் என்ன செய்ய? அவர் ஒரு தடவையாவது தன்னைப் பார்க்கிறாரா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். அந்த மனுஷரோ எப்போதும் பச்சைக் கண்ணாடியும் குனிந்த தலையுமாக இருந்தார். ஒருநாள் வேண்டுமென்றே பளபளவென்று ஒரு சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு மூன்று தடவை அவர் வாசலைக் கடந்தாள். மூன்றாவது தடவை அவர் நிமிர்ந்தார். "அது நைலான் துணியா? பொறி பட்டா உருகி ஒட்டிக்கும். பருத்தி கட்டுங்க" என்றார். அன்றைக்கு அவள் ஒட்டிய ஜன்னல் கம்பிகள் அத்தனையும் கோபத்திலேயே ஒட்டப்பட்டவை.

இந்த நிலைமையில்தான் அக்கா ஒரு வரனோடு வந்தாள். கடிகாரக் கடை வைத்திருக்கிறவர். சாது. குடி கிடையாது, புகை கிடையாது, வெல்டிங்கை விடு என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல மருந்துக்குக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

"உன் மனசுல வேற யாராவது இருக்காங்களாடி? இருந்தா வாயைத் திறந்து சொல்லு. இல்லேன்னா சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு அவங்களுக்குப் போன் போட்டுச் சரின்னு சொல்லிடப் போறேன்" என்றாள் அக்கா.

என் மனசில் ஒருத்தர் இருக்கிறார், அவர் மனசில் சோப்புத் தண்ணீர்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "பாக்கலாம்க்கா" என்று மழுப்பினாள்.

அந்த வாரம் பார்த்துத் தெருமுனைப் பூங்காவுக்கு ஒரு சுற்று ராட்டினம் கேட்டு ஆர்டர் வந்தது. நடுவில் தடித்த குழாய்த் தூண், அதிலிருந்து ஆறு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் தகர வாத்து ஒன்று, குழந்தைகள் உட்கார. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திறப்பு. மின்னல் ஆர்டரை மொத்தமாகத் தானே எடுத்துக்கொண்டாள். தூணும் கைகளும் அவளுக்கு இடது கை வேலை. வாத்தில்தான் வந்தது வினை. மெல்லிய தகரம். மெஷினில் கரண்ட்டைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ராடை லேசாகத் தொட்டாள். பொத். வாத்துக்கு மூன்றாவது கண் திறந்துவிட்டது. அதை அடைக்கப் போய் நான்காவதும் திறந்தது.

வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த பட்டறை வாசலில் போய் நின்றாள்.

நிதானம் வாத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்குவதற்காக மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார், அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

"தகரத்தை அதட்டக் கூடாதுங்க. சூடு தானா ஏறி வரணும்."

"அது ஏறி வர்றதுக்குள்ள குழந்தைங்க வளந்து வேலைக்குப் போயிடும். ஆறு வாத்து. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். முடியுமா, முடியாதா?"

"முடியும்" என்றார் அவர். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் பதில் சொல்லித் தெரு பார்த்ததில்லை.

வியாழக்கிழமைக்குள் ஐந்து வாத்துகள் தயாராகிவிட்டன. பித்தளைக் கம்பியை உருக்கி ஓட்டிய விளிம்புகள், கையை வைத்துத் தடவலாம் போல அவ்வளவு வழுவழுப்பு. மின்னல் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றாள். உள்ளுக்குள் சொக்கிப் போயிருந்தாள். ஆறாவது வாத்துக்கு அலகின் ஓரத்தை அராவ வேண்டும், தூணில் கைகள் உட்கார்வதற்கு அளவும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் அன்றைக்கு வாத்தையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்கே வந்து, இரண்டு அடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சிலிண்டரைக் கொண்டுவரவில்லை. "உங்க பொறி இருக்கற இடத்துக்கு என் சிலிண்டர் வராது" என்றார்.

மின்னலுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் வேலை வேலைதானே. முகமூடியை இறக்கினால் உலகம் கும்மிருட்டு. ராடை உரசியதும் காசளவு ஒரு பச்சை வெளிச்சம் தெரியும், அதற்குள் உருகும் இரும்பு தெரியும், வேறு எதுவும் தெரியாது. எதிரே யானை வந்து நின்றாலும் தெரியாது. ஒவ்வொரு ராடும் தீர்ந்ததும் வெடுக்கென்று முகமூடியைத் தூக்கி அவரைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து வாத்தின் அலகை அராவிக்கொண்டிருந்தார். பத்து ராடு, இருபது ராடு, நாற்பது ராடு. மாலையில் ஆறு கைகளும் தூணில் ஏறிவிட்டன. அவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை. கடிகாரக்காரர்தான் தலையில் எழுதியிருக்கிறது என்று நினைத்தபடி, கசடைத் தட்டும் சுத்தியால் தேவைக்கு மேல் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை நிதானத்தின் ஷட்டர் திறக்கவில்லை.

ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. "மேல ரூம்லதான் இருக்காரு, கண்ணுல ஏதோ கோளாறாம். நான்தான் காலைல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன்" என்றார் லேத் அண்ணன். அவர் சொல்லி முடிப்பதற்குள் மின்னல் மாடிப்படியில் இருந்தாள்.

சின்ன அறை. கட்டில், மேஜை, மேஜையில் உயர வரிசைப்படி அடுக்கிய நான்கு டம்ளர். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், இரண்டு கண்ணிலும் ஈரத்துணி. மேல் பட்டன் போட்டிருந்தது.

"என்னாச்சு?"

"தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?" துணியை விலக்கிப் பார்த்தாள். சிவந்து, வீங்கி, தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழகின நாட்களில் அவளே இரண்டு தடவை பட்டிருக்கிறாள். "மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துதா? வெளிச்சம் பட்டா குத்துதா?"

"ம்."

"இது ஆர்க் வெளிச்சம் பட்ட கண்ணு."

அவர் துணியை மறுபடி கண்ணுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கேஸ்ல இது வரவே வராதே. ஆர்க்கை எங்க பாத்தீங்க?"

"கண்ணாடி போட்டுட்டுத்தான் இருந்தேன்."

"எந்தக் கண்ணாடி?"

"என்னோடது."

"அது அஞ்சாம் நம்பருங்க! உங்க கேஸ் தீக்குத்தான் அது தாங்கும். என்னோடது பதினொண்ணு, அவ்வளவு இருட்டு. போதாததுக்கு ரெண்டு ஓரத்துலயும் இடைவெளி விட்டுத் தொங்கிட்டிருக்கு அந்தக் கண்ணாடி. அதைப் போட்டுட்டு..." அவள் பாதியில் நிறுத்தினாள். "எதுக்குப் பாத்தீங்க?"

"ஜாயிண்ட் சரியா இருக்கான்னு பாத்தேன்" என்றார். காது மடல் இரண்டும் கண்ணை விடச் சிவந்திருந்தன.

மின்னல் கீழே எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. நேரே கொட்டகைக்குப் போய் ஆறாவது வாத்தைக் கையில் எடுத்தாள். அலகைக் காணோம். ஒருநாள் முழுக்க அராவியதில் அது தேய்ந்து தேய்ந்து சிட்டுக்குருவி மூக்காகிவிட்டிருந்தது. இவ்வளவு அராவினவருடைய கண் அரத்தின் மேல் இருந்திருக்காது. அவள் வாத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். பிறகு இன்னொரு சுற்று.

லேத் அண்ணன் வந்து வாசலில் சாய்ந்து நின்றார். தெருவில் எதற்கும் கணக்குப் போட்டுப் பார்ப்பவர் அவர். "ஏம்மா, தெரியாத்தனமா ஒரு தடவை பாத்தா இவ்வளவு வீங்குமா?"

"வீங்காது அண்ணே!"

"அப்ப எவ்வளவு நேரம் பாத்திருப்பாரு?"

"நாற்பது ராடு அண்ணே!" என்று கத்தினாள். பத்து மணி பத்து நிமிஷத்துக்குத் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

ஆனால் சிவந்த கண்ணை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்ட முடியுமா? அவர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். நேரமோ நாளை ஐந்து மணி வரைதான். ஆறாவது வாத்து வேறு அரைகுறையாகக் கிடந்தது.

மதியம் அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார், கண்ணில் துணியைக் கட்டியபடி. "வாத்தை முடிக்கணும். நீங்க ஒட்டுங்க. நான் சொல்றேன்" என்றார்.

"நானா? கேஸா? கண்ணைக் கட்டிட்டு எப்படிச் சொல்லுவீங்க?"

"கேட்டுட்டே சொல்லுவேன். முதல்ல சோப்புத் தண்ணி."

அவளுக்குக் கேஸ் பிடிக்கத் தெரியாமல் இல்லை. பொறுமைதான் இல்லை. மூட்டுகளில் சோப்பு தடவினாள், குமிழி இல்லை என்று சத்தியம் பண்ணினாள். அவருடைய ஐந்தாம் நம்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச்சைப் பற்றவைத்தாள். மஞ்சள் தீ புகைந்தது. ஆக்ஸிஜனைத் திருகத் திருக அது நீலமாகி, நுனியில் கூராக நின்றது.

"சீறுது. ஆக்ஸிஜன் ஜாஸ்தி. குறைங்க... இன்னும் கொஞ்சம்... போதும். இந்தச் சத்தம்தான்." அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "தகரம் சிவக்கட்டும். அவசரப்படாதீங்க. இப்பக் கம்பி."

பித்தளை உருகி விளிம்போடு ஓடியது. சடசடப்பு இல்லை, பொறி இல்லை. மின்னலுக்கு வியப்பாக இருந்தது. இந்தத் தீயோடு வேலை செய்தால் சுற்றிலும் எல்லாம் தெரிகிறது. பச்சையாக, ஆனால் தெளிவாகத் தெரிகிறது. எதிரே அவர் தெரிந்தார். அவரால் இவளைப் பார்க்க முடியாது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, வெட்கப்படாமல், அவசரப்படாமல் அவரைப் பார்த்தாள். நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. பேசுவதற்கு முன்னால் உதடு லேசாக அசைந்து ஒத்திகை பார்த்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் உறைத்தது. முகமூடி இறங்கியிருக்கிற நேரத்தில்தான் அவள் குருடி. அந்த நேரத்தில்தான் இந்த மனுஷர் பார்த்திருக்கிறார். அவள் முகமூடியைத் தூக்கின நிமிஷமெல்லாம் அரத்துக்கு ஓடிப் போயிருக்கிறார்.

டார்ச் "பட்" என்று ஒரு சத்தம் போட்டது.

"தகரத்துல முட்டிடுச்சு. தகரத்தைப் பாக்கலையா நீங்க?"

"பாக்கல."

"வேற எங்க பாக்கறீங்க?"

"நேத்து நீங்க பாத்த மாதிரி பாத்துட்டிருக்கேன்."

எதிர்க் கடையில் ஓடிக்கொண்டிருந்த லேத் சட்டென்று நின்றது. அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டுவிட்டார்.

நிதானத்தின் உதடு ஒத்திகை பார்த்தது. வெகு நேரம் பார்த்தது. "டார்ச்சை அணைங்க" என்றார். அணைத்தாள். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆனா யோசிச்சு, சரியாச் சொல்லணும். நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கா?" மின்னலுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. "நாளைக்கு அஞ்சு மணிக்கு எங்க அக்கா ஒரு கடிகாரக்காரருக்குச் சரின்னு போன் பண்ணப் போறாங்க!"

அவர் யோசித்தார். "அப்ப நாலரைக்குச் சொல்லிடறேன்."

சனிக்கிழமை நான்கு மணிக்கு ராட்டினம் பூங்காவில் நின்றது. சுற்றிலும் ஐந்து வாத்துகளும் சிட்டுக்குருவி மூக்கோடு ஒன்றும். குழந்தைகளை ஏற்றுவதற்கு முன்னால் பெரியவர்களை ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று பூங்காக் காவலாளி சொல்லிவிட்டார். மின்னல் ஒரு வாத்தில் உட்கார்ந்தாள். நிதானம் கறுப்புக் கண்ணாடியோடு, ஒவ்வொரு போல்ட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வாத்தில் உட்கார்ந்தார். அச்சைக் கடைந்து கொடுத்த லேத் அண்ணன், தன் வேலையைக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் முழு பலத்தோடு ஒரு தள்ளுத் தள்ளினார். ராட்டினம் வெண்ணெயாகச் சுழன்றது.

"மணி நாலரை!" என்றாள் மின்னல், தலைத்துணி பறக்க.

"தெரியும்" என்றார் அவர், வாத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்தபடி. "ஆறு வருஷமா பாக்கறேன். அப்பெல்லாம் என் வாசல்ல இருந்து, தூரத்துல. வியாழக்கிழமைதான் ரொம்பக் கிட்ட வந்துட்டேன். அஞ்சாம் நம்பர் போதாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா பாத்தீங்க?"

"முகமூடி போட்டு வர எழுந்தா, நீங்க பாத்துடுவீங்களேன்னு உக்காந்துட்டேன்."

தினமும் ஹோஸைக் குளிப்பாட்டுகிற மனுஷர்! மின்னலுக்கு ராட்டினம் ஒரு பக்கம் சுற்றியது, தலை வேறொரு பக்கம் சுற்றியது.

"அதனால யோசிச்சு முடிவு பண்ணியிருக்கேன்" என்று அவர் தொடர்ந்தார், ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த குரலில். "பட்டறைக்கு நடுவுல சுவர் அப்படியே இருக்கட்டும். உங்க பொறி என் சிலிண்டர் பக்கம் வரக் கூடாது. வீட்டுல நமக்கு நடுவுல சுவர் வேண்டாம். உங்களுக்குச் சம்மதமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பூங்கா வாசலில் அக்கா தெரிந்தாள். கையில் போன். "எங்கெல்லாம்டி உன்னைத் தேடறது? என்ன சொல்லட்டும் அவங்களுக்கு?"

"அக்கா, வேண்டாம்னு..." ராட்டினம் அவளை அந்தப் பக்கம் கொண்டுபோயிற்று. திரும்பி வரும்போது, "சொல்லிடு!"

"ஏண்டி?"

"ஆள்..." ஒரு சுற்று. "...இருக்கு!"

"யாருடி அது?" அக்கா பொறுக்க மாட்டாமல், கைப்பையை இடுக்கிக்கொண்டு ராட்டினத்தோடு கூடவே ஓட ஆரம்பித்தாள். "நிறுத்துங்க இதை! யாருன்னு சொல்லித் தொலை!"

"அச்சு அப்படிம்மா, நிக்காது!" என்றார் லேத் அண்ணன் பெருமையாக.

நிதானம் ஒரு கையை வாத்தின் கழுத்திலிருந்து எடுத்து, உயரத் தூக்கினார். "நான்தாங்க!" என்று கத்தினார். கண் சரியாகத் தெரியாததால் காவலாளியைப் பார்த்துக் கத்தினார். ஆனால் பூங்கா முழுக்கக் கேட்டது.

"சம்மதம்! சம்மதம்! நூறு தடவை சம்மதம்!" என்று மின்னல் இன்னும் பலமாகக் கத்தினாள்.

ஐந்து மணிக்குக் குழந்தைகள் ஓடி வந்தபோது, புல்தரையில் மூன்று பெரியவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா போனில், "மன்னிச்சுக்குங்க, இல்லீங்க, அவளுக்கு இல்லீங்க, எனக்குத்தான் தலை சுத்துது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் எல்லாரும் அந்தச் சிட்டுக்குருவி மூக்கு வாத்துக்கே அடித்துக்கொண்டார்கள்.

இப்போதும் காலை ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் விளக்குகள் கண் சிமிட்டுகின்றன. ரேடியோ கொரகொரக்கிறது. அப்போது அடுத்த பட்டறை வாசலில், சோப்புத் தண்ணீர் வேலையெல்லாம் முடித்துவிட்டு, மேல் பட்டன் போட்ட ஒருவர் வந்து நிற்கிறார். அவர் முகத்தில் மின்னல் வாங்கிக் கொடுத்த பதினொன்றாம் நம்பர் முகமூடி இருக்கிறது. முதல் ராடு தீருகிற வரைக்கும் அவர் அங்கிருந்து நகர்வதில்லை.